கல்வி விரும்பன் எழுதிய கடிதம்

“சார், அம்மை குத்தும் முறையை ஜென்னர் என்ற வெள்ளைக்காரர் கண்டுபிடித்ததாகப் பாடத்தில் இருக்கிறது. அது பொய்யாம் சார்! நம்முடைய தன்வந்திரி முனிவர் அதைப் பல்லாயிரம் ஆண்டுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டாராம்!”

கல்வராயன் மலையில், நான் பணியாற்றும் பள்ளியில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து நின்று இப்படிச் சொன்னான். அவன் கையிலே சுவடி இல்லை, ஏடு இல்லை. அண்ணனுடைய கைப்பேசிக்கு வந்த செய்தியை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தான். பசுவின் மடியிலே காணும் கொப்புளத்து நீரைக் கத்திமுனையில் எடுத்து, மனிதனின் தோளுக்கும் முழங்கைக்கும் இடையிலே கீறிச் செலுத்தினால் அம்மை நோய் அண்டாது என்று தன்வந்திரி கூறியதாக அந்தச் செய்தி கூறிற்று. ‘பெருமை கொள்வீர், பத்துப் பேருக்கு அனுப்புவீர்’ என்ற கட்டளையும் கீழே இருந்ததாம்.

நகைத்து உட்கார வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அவன் கேட்டது நேர்மையான கேள்வி. பாடநூல் ஒன்று கூறுகிறது, கைப்பேசி வேறொன்று கூறுகிறது. எதை நம்புவது என்று ஆசிரியனைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பான்? நாளை விடை சொல்கிறேன் என்று கூறிவிட்டு, மாலைப் பேருந்தில் வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினேன். அன்றிரவு புரட்டிய ஏடுகள், அந்தச் செய்தி பிறந்த ஊரைக் காட்டின. இமயம் அல்ல அந்த ஊர், காசியும் அல்ல. நம்முடைய சென்னைப் பட்டணம்! பிறந்த ஆண்டு 1819.

தோழர்களே! அந்தப் பொய்யின் கதையைச் சொல்வதற்கு முன், அந்த மெய்யின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

பெரியம்மை பத்துப் பேரைப் பிடித்தால் மூவரைக் கொன்றது. எஞ்சியோரில் பலருக்கு முகத்திலே தழும்பு, சிலருக்குக் கண்ணிலே இருள். அரண்மனைக்கும் குடிசைக்கும் அது வேற்றுமை பாராட்டியதில்லை. பிற நாட்டார் அதனை நோயென்றனர், நாம் தாயென்றோம். அம்மை என்றாலே அன்னை. உடலெங்கும் கொப்பளித்த சீழ்க்கட்டிக்கு ‘முத்து’ என்று பெயரிட்டோம். முத்தை வாரி இறைப்பவள் முத்துமாரி என்று பாடினோம். பிள்ளை காய்ச்சலில் துடிக்கும். “ஆத்தா வந்திருக்கிறாள், மருந்து கொடுத்தால் கோபிப்பாள்” என்பர் வீட்டார். வேப்பிலை வாசலில் தொங்கும், மஞ்சள் நீர் தெளிக்கப்படும், தாளிக்கும் ஓசை அடங்கும். பிள்ளை பிழைத்தால் ஆத்தாள் இறங்கிவிட்டாள், இறந்தால் அழைத்துக்கொண்டாள். இரண்டிற்கும் கூழ் அவளுக்கே!

ஒன்றை மறைப்பது அழகல்ல. வாசலில் தொங்கிய வேப்பிலை, ‘உள்ளே நோய் இருக்கிறது, அயலார் நுழையாதீர்’ என்ற அறிவிப்பாகவும் பயன்பட்டது. அந்த அளவில் அது நல்லதே செய்தது. ஆனால் நோயைத் தாயாக்கியவன் அதனை எதிர்த்துப் போரிட எப்படித் துணிவான்?

துணிந்தவர்கள் இருந்தனர், நம் துணைக்கண்டத்திலேயே இருந்தனர். ஒருமுறை அம்மை கண்டு பிழைத்தவனை அது மறுமுறை தீண்டுவதில்லை என்பதைப் பல நாட்டு மக்களும் கவனித்திருந்தனர். அந்தக் கவனிப்பிலிருந்து ஒரு முறை பிறந்தது. சீனத்தில் அம்மைப் பொருக்கைப் பொடித்து மூக்கிலே ஊதினர். வங்கத்தில் ‘டீக்காதார்’ எனப்பட்டோர் ஊர் ஊராகச் சென்று, அம்மைச் சீழைச் சிறிதளவு தோலிலே கீறி வைத்தனர். அதனை நேரில் அறிந்த ஹால்வெல் என்ற ஆங்கிலேயர், 1767இல் இலண்டன் மருத்துவர்களுக்கு விரிவாக எழுதினார். துருக்கியிலே இதே வழக்கத்தைக் கண்டாள் மேரி மாண்டேகு என்ற ஆங்கிலச் சீமாட்டி. அம்மையால் உடன்பிறந்தானை இழந்து, தன் முகத்திலும் தழும்பேறியிருந்தவள் அவள். 1718இல் கான்ஸ்டாண்டிநோபிளில் தன் மகனுக்கும், 1721இல் இலண்டனில் தன் மகளுக்கும் அதைச் செய்வித்தாள்.

இது மெய்யான பெருமை. பெயரறியாத கீழைநாட்டு எளிய மக்கள் கண்ட முறையை மேலைநாட்டு மாமருத்துவர்கள் கற்றுக்கொண்டனர். பெருமை பேச விரும்புவோர் இதைப் பேசலாம், யாரும் மறுக்க முடியாது. ஆனால் இது மனித அம்மையையே மனிதனுக்கு வைக்கும் முறை. வைக்கப்பட்டவருள் சிலர் இறந்தனர். வைக்கப்பட்டவரிடமிருந்து மற்றவருக்கு நோய் பரவியதும் உண்டு. தீயைத் தீயால் தடுப்பது போன்றது. தீங்கற்ற வழி ஒன்று தேவைப்பட்டது.

அது மாட்டுத் தொழுவத்திலே இருந்தது. பால் கறக்கும் பெண்களுக்குப் பசுவின் மடியிலிருந்து கையிலே கொப்புளம் தொற்றும். சில நாளில் ஆறிவிடும். பின்பு பெரியம்மை அவர்களை அண்டாது. இங்கிலாந்தின் பண்ணைகளில் இது வழக்கமான பேச்சு. பெஞ்சமின் ஜெஸ்டி என்ற உழவர் 1774இல் ஊரெங்கும் அம்மை பரவியபோது, மாட்டம்மைச் சீழைத் தன் மனைவிக்கும் இரு ஆண் பிள்ளைகளுக்கும் ஊசியாலே கீறி வைத்தார். அக்கம்பக்கத்தார் ஏசினர். அவர் நூல் எழுதவில்லை, அவர் உழவர்.

மருத்துவரான எட்வர்ட் ஜென்னர், கறவைக்காரிகளின் பேச்சைக் கேட்டார். கேட்டதோடு நில்லாமல் சோதித்தார். 1796 மே 14 அன்று, சாரா நெல்ம்ஸ் என்ற கறவைக்காரியின் கையிலிருந்த கொப்புளத்து நீரை எடுத்து, ஜேம்ஸ் பிப்ஸ் என்ற எட்டு வயதுச் சிறுவனின் கையிலே வைத்தார். தோட்டக்காரனின் மகன் அவன். ஆறு வாரங்கள் கழித்து அதே சிறுவனுக்கு உண்மையான பெரியம்மைச் சீழையே வைத்தார். நோய் வரவில்லை. ஏழையின் பிள்ளையிடம் இப்படிச் சோதித்துப் பார்க்க இன்றைய மருத்துவ அறம் இடங்கொடாது, கொடுக்கவும் கூடாது. ஆயினும், ‘அவர் சொன்னார், இவர் எழுதினார்’ என்ற நிலையிலிருந்து ‘செய்து பார்த்தேன், நீங்களும் செய்து பாருங்கள்’ என்ற நிலைக்கு மருத்துவம் நகர்ந்த நாட்களுள் அது ஒன்று. அவருடைய கட்டுரையை ராயல் சொசைட்டி வெளியிட மறுத்தது. அவர் மேலும் பலரிடம் சோதித்து, 1798இல் தாமே நூலாக வெளியிட்டார். இலத்தீன் மொழியில் பசுவுக்கு ‘வாக்கா’ என்று பெயர். அதிலிருந்து வந்ததே ‘வாக்சின்’ என்ற சொல்.

மடமை நம் நாட்டுக்கு மட்டும் உரிய சரக்கு என்று எண்ணிவிட வேண்டாம். மாட்டம்மை வைத்தால் மனிதனுக்குக் கொம்பு முளைக்கும் என்று இலண்டனிலே அஞ்சினர். ஊசி போட்டவர்களின் உடலிலிருந்து மாடுகள் வெடித்துக் கிளம்புவதாக 1802இல் கில்ரே என்ற ஓவியர் கேலிச்சித்திரமே தீட்டினார்.

அதே 1802இல் அந்த மருந்து இந்தியா வந்தது. வந்த விதம் வியப்பானது. பனிப்பெட்டி இல்லாத காலம். வெப்பத்தில் அந்த நீர் கெட்டுப் போகும். கெடாமல் கொண்டுவர ஒரே கலம்தான் இருந்தது: உயிருள்ள மனிதனின் கை! ஒருவருக்கு வைத்து, எட்டாம் நாள் கொப்புளம் எழும்பியதும் அதிலிருந்து அடுத்தவருக்கு வைத்து, இப்படிக் கைமாற்றிக் கைமாற்றிப் பாக்தாத், பாஸ்ரா வழியாகப் பம்பாய் வந்து சேர்ந்தது. 1802 ஜூன் 14 அன்று, ஆன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுச் சிறுமிக்கு அது வைக்கப்பட்டு, பற்றிக்கொண்டது. அவள் கையிலிருந்து வேறு குழந்தைகளுக்கு, அக்குழந்தைகளிடமிருந்து அடுத்த ஊருக்கு என்று பரவி, அந்த ஆண்டிலேயே சென்னை மாகாணத்தை அடைந்தது. சாரா நெல்ம்ஸ் பால் கறந்த பசுவுக்குக் கூட வரலாற்றிலே பெயர் நிலைத்திருக்கிறது. பிளாசம் என்பது அதன் பெயர். பம்பாயிலிருந்து சென்னை வரை மருந்தைத் தம் பிஞ்சுக் கையிலே சுமந்த குழந்தைகளின் பெயரை எந்தப் பாடநூலும் சொல்வதில்லை.

கைமாற்று என்றேனே, அங்கே எழுந்தது நம் நாட்டுக்கே உரிய சிக்கல். யாருடைய கையிலிருந்து? சேரிப் பிள்ளையின் கையில் ஊறிய நீர் மேல்சாதிப் பிள்ளையின் உடலிலே புகலாமா? தீட்டு அன்றோ! பிள்ளை அம்மையால் சாகலாம், தீட்டுப்பட்டுப் பிழைக்கலாகாது என்ற ‘தருமம்’ ஊசியைத் தடுத்து நின்றது. ஆத்தாளின் கோபம் ஒருபுறம், சாதியின் தீட்டு மறுபுறம். கும்பினி அரசு கொண்டுவந்தது ஏதோ அடையாளம் குத்தி அடிமையாக்கும் சூழ்ச்சி என்ற ஐயம் இன்னொருபுறம். அந்நிய ஆட்சியின் மீது மக்கள் கொண்ட ஐயத்தை நான் முழுதும் குறை கூற மாட்டேன். வரி வாங்க வந்தவன் உயிர் காக்க வந்தேன் என்றால் எவரும் ஒருமுறை தயங்கத்தான் செய்வர். ஆயினும் சாமி நாயக் என்ற நம் நாட்டு மருத்துவர் போன்றோர் கும்பினியின் பணியில் சேர்ந்து, மக்களிடையே சென்று அம்மை குத்தினர். மைசூர் அரச குடும்பத்துப் பெண்களை ஹிக்கி என்பவர் 1805 வாக்கில் தீட்டிய ஓவியமே, ‘அரசியே குத்திக்கொண்டாள்’ என்று மக்களுக்குக் காட்டத்தான் என்று சில ஆய்வாளர் கருதுகின்றனர்.

இந்தச் சூழலில்தான் எல்லிஸ் வருகிறார்.

பிரான்சிஸ் வைட் எல்லிஸ்! இந்த ஏட்டைப் படிப்போருக்கு அறிமுகம் வேண்டாத பெயர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியின் பிள்ளைகள் அல்ல, தனிக் குடும்பம் என்று 1816இல், கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டு முன்னரே எடுத்துக் காட்டியவர். குறளை ஆங்கிலத்தில் பெயர்த்து உரை எழுத முற்பட்டவர். சென்னையிலே கலெக்டராக இருந்து கிணறு வெட்டி, கல்வெட்டிலே குறளைப் பொறித்தவர். அவர் நமக்கு வேண்டியவர். வேண்டியவர் என்பதற்காக அவர் செய்ததை மறைத்தால் நான் வகுப்பிலே நிற்கும் தகுதி இழந்தவன் ஆவேன்.

மக்கள் அம்மை குத்திக்கொள்ளத் தயங்குவதைக் கண்ட எல்லிஸ், தமிழிலே ஒரு நூல் புனைந்தார். தன்வந்திரிக்கும் சக்திக்கும் உரையாடல் நடப்பது போன்ற அமைப்பு. மாட்டம்மை பசு தரும் இன்னொரு கொடை, தேவியே அருளியது என்பது அதன் கருத்து. பால், தயிர், நெய் என்று பசுவிடமிருந்து வருவதையெல்லாம் புனிதம் என்பீரல்லவா, இதையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளும் என்பது உட்பொருள். நோக்கம் நல்லது, உயிர் காப்பது.

1819 ஜனவரியிலே ‘மெட்ராஸ் கூரியர்’ என்ற ஆங்கில ஏட்டில் ஒரு கடிதம் வெளிவந்தது. ‘சாக்தேய கிரந்தம்’ என்ற வடமொழி நூலிலே, தன்வந்திரி கூற்றாக, பசுவின் மடிக் கொப்புளத்து நீரைக் கொண்டு அம்மையைத் தடுக்கும் முறை காணப்படுகிறது என்று அக்கடிதம் அறிவித்தது. எழுதியவர் இட்டுக்கொண்ட பெயர், கல்வி விரும்பன். தமிழறிந்த அந்தப் புனைபெயருக்குப் பின்னே இருந்தவர் எல்லிஸ்தானா என்பதை ஆய்வாளர்கள் ஆராய்ந்திருக்கின்றனர். அவரோ அவரைச் சார்ந்தவரோ, நோக்கம் ஒன்றே: ஜென்னரின் மருந்துக்கு முனிவரின் முத்திரை குத்துவது. அந்தச் சுலோகத்தை எந்தப் பழைய மருத்துவ நூலிலும் எவரும் கண்டதில்லை. சுசுருதர் ‘மசூரிகை’ என்ற கொப்புள நோயைச் சிறு நோய்களின் வரிசையிலே சுருக்கமாகக் கூறுகிறார். பின்னால் வந்த மாதவர் அதற்குத் தனி இயல் வகுத்தார். மாட்டு மடிக் கொப்புளம் அங்கே இல்லை.

வேடிக்கை என்னவெனில், ‘எசூர்வேதம்’ என்று வேதத்தின் பெயரால் ஐரோப்பாவில் உலவிய போலி நூலைப் போலி என்று மெய்ப்பித்துக் கட்டுரை எழுதியவரும் இதே எல்லிஸ்தான்! பிறர் செய்த போலியைக் கண்டறிந்த கை, மக்களின் நன்மைக்கென்று தானும் ஒரு போலியைச் செய்தது. 1819 மார்ச்சில் இராமநாதபுரத்தில் அவர் மறைந்தார். போலி மறையவில்லை.

எண்பத்தாறு ஆண்டுகள் கழித்து, கிண்டியிலே அது மீண்டும் தலைகாட்டிற்று. 1905இல் கிங் நோய்த்தடுப்பு நிலையத்தைத் திறந்து வைத்த ஆளுநர் ஆம்ப்தில் பிரபு, அம்மை குத்தும் முறை பண்டை இந்தியாவுக்குத் தெரிந்திருக்கக்கூடும் என்று பேசி, தன்வந்திரியின் அந்த மேற்கோளையே எடுத்துக் காட்டினார். அவருக்கு அதைச் சொன்னவர் யார்? அந்த நிலையத்துக்கே பெயர் தந்த கர்னல் கிங்! வெயிலிலே கெடாதிருக்க அம்மைப்பாலைக் கம்பளிக் கொழுப்பாகிய லானோலினில் குழைத்து வைக்கும் முறையைச் சென்னையிலே நடைமுறைப்படுத்தியவர். நம் மாகாணத்துப் பிள்ளைகள் பலர் பிழைக்கக் காரணமானவர். மருந்தை ஒவ்வொரு படியிலும் சோதித்தவர், மேற்கோளைச் சோதிக்கவில்லை. ஆளுநரே கூறிவிட்டார் என்றதும், பழம்பெருமை பேசும் நூல்கள் அதைப் பற்றிக்கொண்டன. நூலிலிருந்து நூலுக்கு, மேடையிலிருந்து மேடைக்கு வந்து, கடைசியில் என் மாணவனுடைய அண்ணனின் கைப்பேசிக்கும் வந்துவிட்டது. அம்மைப்பால் கைமாறி வந்தது போலவே பொய்யும் கைமாறி வந்திருக்கிறது!

எல்லிஸ் செய்தது சரியா? அன்றிரவு இதைத்தான் நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை பிழைக்குமானால் ஒரு பொய் சொன்னால் என்ன என்று கேட்போர் உண்டு. அந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தப் பொய்யால் மக்கள் திரண்டு வந்து குத்திக்கொண்டதாக வரலாறு இல்லை. ‘எங்கள் நூலில் இருந்தால் ஏற்போம், இல்லையேல் மறுப்போம்’ என்ற பழக்கத்தை அது உடைக்கவில்லை, அதற்கு உரமிட்டது. நூலில் இருப்பதால் ஏற்றவன், நாளை நூலில் இல்லாத மருந்தை மறுப்பான் அல்லவா? 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் நடந்தபோது, கைப்பேசி வதந்தியைக் கேட்டுப் பள்ளி வாயிலிலிருந்தே பிள்ளைகளை அழைத்துச் சென்ற பெற்றோரை நான் கண்டேன். நான் அப்போது பள்ளி மாணவன். அழைத்துச் சென்றவர்களிலே படித்தவர்களும் இருந்தனர்.

பெரியம்மையை ஒழித்தது சுலோகம் அன்று. 1950களில் கோலியர் என்ற விஞ்ஞானி, மருந்தை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். அந்தப் பொடி வெயிலிலே வாரக்கணக்கில் கெடாது. 1962இல் இந்தியா ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. கிண்டியும் அந்தப் பொடியைச் செய்யத் தொடங்கிற்று. இரட்டை முனை ஊசி ஒன்று வந்தது. ஒருவருக்கு வைத்த மருந்து நால்வருக்குப் போதுமானதாயிற்று. சென்னைத் தண்டையார்ப்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையில் ஏ. இராமச்சந்திர ராவ், ஆயிரக்கணக்கான நோயாளிகளைக் கண்டு எழுதியவை உலகெங்கும் மருத்துவர்க்குப் பாடமாயின. 1975 மே மாதம் இந்தியாவின் கடைசி நோயாளி அஸ்ஸாமிலே காணப்பட்டார். 1977 அக்டோபரில் சோமாலியாவில் அலி மாவ் மாலின் என்ற மருத்துவமனைச் சமையல்காரர், இயற்கையாக நோய் கண்ட கடைசி மனிதரானார், அவரும் பிழைத்தார். 1980 மே 8 அன்று பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்டது. மனிதன் முற்றும் ஒழித்த மனித நோய் இது ஒன்றே.

மறுநாள் வகுப்பிலே இவ்வளவையும் கூறினேன். மாணவன் அமைதியாகக் கேட்டான். கடைசியில், “அப்படியென்றால் நம் மலைக்கும் அம்மை குத்துகிறவர் வந்தாரா சார்?” என்றான். புரட்டிய ஏடுகளில் இம்மலையின் பெயர் இல்லை. 1976 வரை ஜாகீர்தார்களின் கையிலே கிடந்த மலை இது. சாலைகள் அதன் பிறகே வந்தன. “உன் வீட்டிலே வயதானவர்கள் இருக்கிறார்களா?” என்றேன்.

மாலையில் அவனே அழைத்துச் சென்றான். அவன் ஆயா திண்ணையிலே கடுக்காய் உடைத்துக்கொண்டிருந்தார். எழுபதை எட்டும் வயது.

“வந்தாரு வாத்தியாரே, ஏன் வரல? கீழ இருந்து நடந்தே வந்தாரு. என் தம்பிக்கு ஆத்தா போட்டு, போய்ச் சேந்த மறுநாளு. எனக்கு எட்டு, ஒம்பது வயசு. சாமைக் காட்டுக்குள்ள ஓடி ஒளிஞ்சிக்கிட்டேன். ஆத்தா கோவிச்சிக்குவான்னு எங்க அம்மா கையைப் புடிச்சிக்கிட்டு அழுவுது. எங்கப்பன்தான் என்னைத் தூக்கிக்கிட்டு வந்து நிறுத்துனாரு. ‘ஒண்ணு போனது போதும், இது இருக்கட்டும்’னாரு.”

“உங்கப்பா எந்த நூலைப் படித்தார் ஆயா?” என்றேன்.

“அவுருக்கு எங்க எழுத்துத் தெரியும்?” என்று சிரித்தார்.

பேரன் அவர் பக்கத்திலே போய் உட்கார்ந்தான். சேலைத் தலைப்பை விலக்கி, இடது தோளுக்குக் கீழே இருந்த வட்டத் தழும்பை அவர் காட்டினார். அவன் பிறந்த நாள் முதல் அந்தக் கையிலே தூங்கியவன். விரலால் அதைத் தொட்டுப் பார்த்து, “வலிக்குமா ஆயா?” என்று கேட்டான்.